வாழை வேருக்குள் இருந்த புழுவுக்குப் பெயர் வைத்தவர்

தார் தள்ளிய வாழை ஒன்று உங்கள் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் பெருங்காற்று எதுவும் அடிக்கவில்லை. பக்கத்து மரங்கள் நிற்கின்றன. இது மட்டும் வேரோடு பெயர்ந்து விழுந்திருக்கிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டதோ, பொட்டாஷ் குறைந்துவிட்டதோ, கன்றை மேலாக நட்டுவிட்டோமோ என்று பல யோசனை ஓடும். அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, விழுந்த மரத்தின் வேர் ஒன்றை வெட்டி எடுங்கள். கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சதை செம்பழுப்பாக, திட்டுத் திட்டாக மாறியிருந்தால் வேர் குடையும் நூற்புழு உள்ளே வேலை பார்த்திருக்கலாம்.

அந்தப் புழுவை அறிவியல் நூல்களில் ராடோஃபோலஸ் சிமிலிஸ் என்று எழுதுவார்கள். பெயருக்குப் பின்னால் காப் என்று ஒரு சொல்லும் 1893 என்று ஓர் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டில் அதை முதலில் விவரித்து, சிமிலிஸ் என்று பெயர் வைத்தவர் நேதன் அகஸ்டஸ் காப். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை மெல்ல மெல்ல வாட வைக்கும் எலுமிச்சை நூற்புழுவுக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான். உங்கள் வயல் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அங்கே அதைக் கரைத்துச் சலிக்கும் முறைக்கும் இவர் பெயர்தான். இத்தனைக்கும் இவரை நம் பக்கத்தில் கல்லூரிக்குப் போய் விவசாயம் படித்தவர்கள் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த வாரம் மருந்து, உரம் பற்றி அதிகம் பேசாமல் இவர் கதையைச் சொல்கிறோம்.

காப் பிறக்கும் முன்பு

நூற்புழு புதிதாக வந்த பூச்சி அல்ல. மண் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கிறது. ஆனால் மனிதன் அதைப் பார்த்தது வெகு காலம் கழித்துத்தான். 1743-ல் இங்கிலாந்தில் நீடம் என்ற பாதிரியார், சுருங்கிக் கறுத்துப்போன கோதுமை மணி ஒன்றை உடைத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். உள்ளே காய்ந்த நார் போல ஏதோ இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். நார்கள் நெளியத் தொடங்கின. பயிரைத் தாக்கும் நூற்புழுவை மனிதன் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1855-ல் பெர்க்லி என்ற இன்னொரு ஆங்கிலேயப் பாதிரியார், கண்ணாடி வீட்டில் வளர்த்த வெள்ளரியின் வேரில் முடிச்சுகளைக் கண்டு, அது நூற்புழுவின் வேலை என்று எழுதினார். இன்று தக்காளியிலும் கத்தரியிலும் வெண்டையிலும் நீங்கள் பார்க்கிற அதே வேர்முடிச்சு. 1859-ல் ஜெர்மனியில் ஷாக்ட் என்பவர் சர்க்கரை பீட்ரூட் வேரில் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார். அங்கே சர்க்கரை ஆலைகளைச் சுற்றி இருந்த வயல்களில் வருடா வருடம் பீட்ரூட்டையே பயிர் செய்ததால் விளைச்சல் படுத்துவிட்டது. மண் சலித்துப்போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்த நிலத்தைப் பார்த்து இதைத்தானே சொல்கிறோம்?

அதே 1859-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பென்சர் என்ற ஊரில் காப் பிறந்தார்.

பண்ணைப் பையன்

சிறு வயதிலேயே பண்ணை வேலையும் கைவேலையும் பழகியவர். இதை ஏன் சொல்கிறோம் என்றால், பின்னாளில் தனக்கு வேண்டிய கருவி கடையில் கிடைக்காதபோது அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை, தானே வடிவமைத்துக்கொண்டார். வூஸ்டர் நகரத்தில் இருந்த தொழிற்கல்விக் கூடத்தில் படித்து 1881-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஆலிஸ் என்ற பெண்ணை மணந்தார். பிறகு ஆறு வருடம் பள்ளி ஆசிரியர் வேலை.

அந்த வேலையே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் 1887-ல், மனைவி குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நூற்புழுக்களின் உடலமைப்பைப் பற்றி ஆராய்ந்து 1888-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தின் கடல் உயிரியல் நிலையத்தில் சில காலம். அங்கிருந்து 1889-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் பட்டம் கையில் இருந்தது. வேலை இல்லை. நூற்புழு பற்றிப் படித்த ஒருவருக்கு அன்றைக்கு எந்த ஊரில் வேலை இருந்திருக்கும்? அப்படி ஒரு துறையே உலகத்தில் கிடையாது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சில காலம் தற்காலிகமாகப் பாடம் நடத்தினார். 1890-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசின் வேளாண் துறை அவரைப் பயிர் நோய் வல்லுநராக எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் பயிர் நோய்க்கென்று முழு நேர ஆள் நியமிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

சிட்னியில் வந்து குவிந்த நோய்கள்

ஓர் அரசு, ஒரே ஒரு நோய் வல்லுநர். கற்பனை செய்து பாருங்கள். கோதுமையா, கரும்பா, பழமரமா, எதில் எந்த நோய் வந்தாலும் அவரிடம்தான் வந்தது.

கோதுமையில் துரு நோய் அப்போது பெரிய தலைவலி. இலையில் எவ்வளவு துரு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். கொஞ்சம் என்பார் ஒருவர், அதையே அதிகம் என்பார் மற்றவர். காப் இலைகளைப் படமாக வரைந்தார். இந்த அளவு புள்ளி இருந்தால் இத்தனை, அந்த அளவு இருந்தால் அத்தனை என்று படத்தை வைத்து ஒப்பிட்டுச் சொல்லும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். கொஞ்சம் திருத்தப்பட்ட அந்த அளவுகோலைத்தான் இன்றும் கோதுமை ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இந்த மனிதருடைய குணம் இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஏதோ இருக்கிறது என்று சொல்வது அவருக்குப் போதாது. எவ்வளவு இருக்கிறது என்று எண்ணியாக வேண்டும்.

ஒரே கோதுமை ரகம் ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரில் விற்கப்பட்டதும் அவரைத் தொந்தரவு செய்தது. வாகா வாகா என்ற ஊரில் இருந்த சோதனைப் பண்ணையில் நூற்றுக்கணக்கான ரகங்களை வரிசையாக விதைத்து எது எது, எது எதன் நகல் என்று பிரித்தார். விதைக்கடையில் பையை மாற்றிப் புதுப் பெயரில் ஒரு ரகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நீங்கள் என்றாவது சந்தேகப்பட்டிருந்தால், இந்த வேலையின் அருமை உங்களுக்குப் புரியும்.

கரும்பில், வெட்டிய இடத்தில் மஞ்சள் கோந்து வடியும் நோய் ஒன்று வந்தது. 1893-ல் அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று காட்டினார். நோய் கண்ட கரும்பிலிருந்து எடுத்த கரணை வழியாகவே அந்த நோய் அடுத்த வயலுக்குப் போகிறது. நடவுப் பொருள் சுத்தமாக இல்லாவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண் என்ற விஷயம், கரும்பிலிருந்து வாழை வரை அவர் வேலை முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில்தான் நூற்புழு. வேலையில் சேர்ந்த 1890-லேயே வேர்முடிச்சு பற்றி அரசின் வேளாண் இதழில் எழுதிவிட்டார். பசிபிக் கடலில் உள்ள ஃபிஜி தீவிலிருந்து அவருக்கு வாழை வேர்ப் பகுதியின் மாதிரி கிடைத்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது, முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லாத மெல்லிய புழு ஒன்று இருந்தது. வாயில் ஊசி. 1893-ல் வெளியான கட்டுரையில் அதை விவரித்துப் பெயர் வைத்தார். அந்தக் கட்டுரையில் அது பல புழுக்களில் ஒன்று. உலகத்தின் வாழைத் தோட்டங்களை எல்லாம் இது சாய்க்கப் போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

அதே நேரத்தில் நம் மலையில்

காப் ஆஸ்திரேலியாவில் இருந்த காலத்திலேயே, நம் நீலகிரியிலும் ஒருவர் வேரைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர், கூடலூர் பக்கம் தேவாலாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேர்முடிச்சு நூற்புழு இருப்பதை 1901-ல் பதிவு செய்தார். இந்தியாவில் பயிர் நூற்புழு பற்றிய முதல் பதிவு என்று எல்லாப் பாடநூலிலும் இருப்பது இதுதான். இந்தப் பார்பர்தான் பின்னால் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை 1912-ல் தொடங்கி வைத்தவர். கோ ரகக் கரும்பு வெட்டிய ஒவ்வொருவருக்கும் அவரோடு ஒரு சொந்தம் உண்டு.

ஹவாய், பிறகு வாஷிங்டன்

1905-ல் காப் ஹவாய்த் தீவுகளுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்ட முதலாளிகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பு நோய்களைக் கவனிக்கும் வேலை. 1907-ல் அமெரிக்க மத்திய அரசின் வேளாண் துறை அவரை வாஷிங்டனுக்கு அழைத்தது.

எதற்கு அழைத்தார்கள் தெரியுமா? நூற்புழுவுக்கு அல்ல. பருத்திக்கு. பருத்தியின் தரத்தை எப்படிப் பிரிப்பது, இழையின் நீளத்தை எப்படி அளப்பது, எல்லாச் சந்தையிலும் ஒரே மாதிரி தரம் சொல்ல என்ன மாதிரிப் பெட்டி வைப்பது என்பதெல்லாம் அவர் தலையில் விழுந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் வியாபாரி வைத்ததே தரம். விவசாயி கொண்டுவந்த நல்ல பருத்தியை இரண்டாம் தரம் என்று சொல்லி விலையைக் குறைப்பது சுலபம். மஞ்சள் மண்டியிலோ பருத்தி ஏலத்திலோ நின்றவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. நூற்புழு மனிதர் பல வருடம் அந்த வேலையைச் செய்தார், நன்றாகவே செய்தார். ஆனாலும் மைக்ராஸ்கோப்பை விடவில்லை.

1912-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில் தோட்டக்கலை ஆய்வாளர் ஒருவர் வேரில் ஏதோ விசித்திரமாக ஒட்டியிருப்பதைப் பார்த்தார். அது காப் கைக்கு வந்தது. 1913-ல் அதற்குப் பாதி நுழைவது என்று பொருள்படும் பெயரை வைத்தார். காரணம், அந்தப் பெண் புழு தலைப்பக்கத்தை மட்டும் வேருக்குள் நுழைத்துக்கொள்ளும், பின்பாதி வெளியே உருண்டையாக நிற்கும். தன்னைச் சுற்றிக் கோந்து போல ஒன்றைக் கக்கி அதில் முட்டையிடும். அந்தக் கோந்தில் மண் துகள் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து, காய் சிறுத்துப்போனால், சல்லி வேரைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நன்றாக அலசியும் மண் போகாமல் ஒட்டிக்கொண்டு வேர் அழுக்காகவே தெரிந்தால் சந்தேகப்படலாம்.

1914-ல் காப் ஒரு முடிவுக்கு வந்தார். பூச்சிகளுக்குப் பூச்சியியல் இருக்கிறது, பூஞ்சைக்குத் தனித் துறை இருக்கிறது, நூற்புழுவுக்கு மட்டும் ஏன் இல்லை? அது மற்ற புழுக்களின் பட்டியலில் ஓரமாகக் கிடக்கக் கூடாது, அதைத் தனி அறிவியலாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். அந்தத் துறைக்குப் பெயரையும் அவரே கொடுத்தார். தமிழில் நாம் நூற்புழுவியல் என்று சொல்வது அதைத்தான். அந்த ஆண்டு தொடங்கிய அவருடைய கட்டுரை வரிசை, இறக்கும் வரை நிற்கவில்லை. வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூற்புழு இனங்களை அவர் விவரித்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

புழுவைப் பார்க்க அவர் செய்துகொண்ட ஏற்பாடுகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாக மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் தகட்டில் ஒரு பொருளை மேல்பக்கம் மட்டும்தான் பார்க்க முடியும். காப் ஒரு அலுமினியச் சட்டத்தின் நடுவே மிக மெல்லிய இரண்டு கண்ணாடிச் சில்லுகளைப் பொருத்தி, அவற்றுக்கு இடையில் புழுவை வைத்தார். சட்டத்தைத் திருப்பிப் போட்டால் புழுவின் மறுபக்கம். இவ்வளவுதான் விஷயம், ஆனால் அதுவரை யாரும் செய்யவில்லை. நூற்புழு ஆய்வுக்கூடங்களில் அந்தச் சட்டத்துக்கு இன்றும் காப் பெயர்தான்.

மண்ணில் எத்தனை என்று எண்ணியது எப்படி

இப்போது உங்கள் வயலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறோம்.

வேரில் புழு இருக்கிறது என்று காட்டுவது ஒரு வேலை. மண்ணில் எத்தனை புழு இருக்கிறது என்று சொல்வது வேறு வேலை. ஒரு பிடி மண்ணில் கண்ணாடி போல நிறமில்லாத, கண்ணுக்குத் தெரியாத புழுவை எப்படிப் பொறுக்குவது? காப் கண்டுபிடித்த வழியைப் பார்த்தால், அரிசி களைகிற அம்மாக்களுக்குச் சிரிப்பு வரும்.

கல் கலந்த அரிசியை எப்படி அரிப்பார்கள்? தண்ணீர் விட்டுச் சுழற்றி, அரிசியை மேலாக வேறு பாத்திரத்துக்குத் தள்ளிவிட்டு, கல்லை அடியில் நிறுத்துவார்கள். காப் செய்ததும் அதுதான். ஒரு வாளியில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கு. சில நொடி பொறு. கனமான மணல் அடியில் இறங்கிவிடும். புழு அதைவிட இலேசு, தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். அந்தக் கலங்கல் தண்ணீரை அகலக் கண் சல்லடையில் ஊற்று. குப்பையும் வேர்த் துண்டும் அங்கே நிற்கும், புழு கீழே போகும். அதை இன்னும் நெருக்கமான சல்லடையில் ஊற்று. இப்படியே படிப்படியாகப் போய், கடைசியில் மிக நுண்ணிய சல்லடையில் புழு தங்கிவிடும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் வாங்கி, மைக்ராஸ்கோப்பின் கீழ் எண்ணு. மண்ணில் உள்ள நூற்புழு எண்ணிக்கையைக் கணக்கிடும் முறை பற்றி 1918-ல் அவர் விரிவாக எழுதினார். நம் வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் காப் சல்லடை முறை என்று இதைத்தான் செய்து பழகுகிறார்கள்.

இதோடு இன்னொருவர் வேலையும் பின்னால் சேர்ந்துகொண்டது. இன்றைய இந்தோனேசியாவில், அன்று டச்சுக்காரர்கள் ஆண்ட தீவில், பேர்மன் என்ற மருத்துவர் மனிதர்களைத் தாக்கும் கொக்கிப் புழுவின் குஞ்சுகளை மண்ணிலிருந்து பிரிக்க ஒரு வழி வைத்திருந்தார். அதை 1917-ல் வெளியிட்டார். ஒரு புனலில் தண்ணீர் நிரப்பி, மேலே துணியில் மண்ணை வைத்தால், உயிருள்ள புழு நெளிந்து துணியைக் கடந்து தண்ணீருக்குள் இறங்கி அடியில் சேரும். காப்பின் சல்லடையில் கிடைத்ததைப் பேர்மனின் புனலில் ஓர் இரவு வைப்பதுதான் இப்போது பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் வழக்கம். உயிருள்ள புழு மட்டும்தான் இறங்கி வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எண்ணத் தெரிந்த பிறகு காப்புக்கு வந்த கணக்கு யாரையும் மலைக்க வைக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஏக்கர் மண்ணில் உள்ள நூற்புழுக்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வாஷிங்டனுக்கு நடக்கவிட்டால், கடைசிப் புழு புறப்படுவதற்குள் முதல் புழு போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இடையில் இருப்பது ஏறத்தாழ 2000 மைல். புழுவுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துப் பாருங்கள், 300 கோடிக்கு மேல் வரும். பயப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் பயிரைத் தொடுவதே இல்லை. மண்ணில் உள்ள பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, அதிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு விட்டுக்கொடுக்கிற நல்ல புழுக்கள்தான் அதிகம். வாயில் ஊசி வைத்துக்கொண்டு வேரைக் குத்துகிறவை ஒரு பகுதிதான். எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் நிபுணர் வேண்டும்.

புழுவைத் தின்னும் புழுவும் உண்டு. மோனாங்கஸ் என்ற அந்த வகை, வாயில் பல் வைத்துக்கொண்டு மற்ற நூற்புழுக்களை அப்படியே விழுங்கும். இவற்றை ஓரிடத்திலிருந்து சேகரித்து, பாதிப்பு உள்ள வயலில் கொண்டுபோய் விட்டால் மருந்தே வேண்டாமே என்று காப் நினைத்தார், 1920-ல் எழுதியும் வைத்தார். நல்ல யோசனை, ஆனால் பலிக்கவில்லை. அந்தப் புழு பெருகுவதும் மெல்ல, புது மண்ணில் பிழைப்பதும் கஷ்டம். இன்று நூற்புழுவுக்கு எதிராக நாம் உயிரியல் முறையில் பயன்படுத்துவது பர்பியூரியோசிலியம் போன்ற பூஞ்சைகளைத்தான். இருந்தாலும், ரசாயனம் வயலுக்குள் வெள்ளமாக வருவதற்கு முன்பே இப்படி ஒரு வழியை யோசித்த மனிதர் என்ற வகையில் அவர் மேல் எங்களுக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

கன்றோடு பயணம் செய்த புழு

ஃபிஜி வாழைப் புழுவை அவர் மறக்கவில்லை. 1915-ல், கரும்பிலும் வாழையிலும் வேர் நோயை உண்டாக்குவது அதுதான் என்று எழுதினார். பெயர் வைத்து 22 வருடம் கழித்து.

அதற்குள் புழு எங்கெங்கோ போய்விட்டது. அதற்குச் சிறகு இல்லை. சொந்தமாக நகர்ந்தால் வருடத்துக்குச் சில மீட்டர் போகும், அவ்வளவுதான். அதை நாட்டுக்கு நாடு கொண்டுபோனது வாழைக்கன்று. நல்ல ரகம் என்று கப்பலில் ஏற்றிய ஒவ்வொரு கிழங்குக்குள்ளும் வேர்க் கட்டைக்குள்ளும் அது உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஆரஞ்சு மரங்கள் வட்டம் வட்டமாக நலிந்துகொண்டே போனதற்கு இதுதான் காரணம் என்று 1953-ல் கண்டுபிடித்து, தோப்புத் தோப்பாக மரத்தைப் பிடுங்க வேண்டி வந்தது. இந்தோனேசியாவின் பங்கா தீவில் மிளகுத் தோட்டங்களை மஞ்சளாக்கி அழித்ததும் இதே புழு. இந்தியாவில் முதன்முதலாக 1966-ல் கேரளத்தில் வாழையில் கண்டுபிடிக்கப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரம் ஆகும்? இன்று தமிழ்நாட்டின் வாழைப் பகுதிகளிலும் அது இருக்கிறது. வாழையோடு மிளகையும் பாக்கையும் தென்னையையும் சேர்த்து வைத்திருக்கும் தோட்டங்களில் அதற்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

1893-ல் பெயர் தெரிந்த புழு 1966-ல் நம் பக்கம் பதிவாகிறது. இடையில் 73 வருடம். அறிவு கட்டுரையில் இருந்தது, புழு கன்றில் இருந்தது. கன்று வேகமாகப் போனது.

இறப்பும் பிறகும்

வாஷிங்டனில் காப்பைச் சுற்றி ஒரு சிறு குழு உருவானது. ஸ்டெய்னர், தோர்ன், கிறிஸ்டி, சிட்வுட் என்று நூற்புழுப் பாடநூல்களில் வரும் பெயர்கள் எல்லாம் அந்த வட்டத்திலிருந்து கிளம்பியவைதான். வேர்முடிச்சுப் புழு ஒரே இனம் இல்லை, பல இனம் என்று 1949-ல் சிட்வுட் பிரித்துக் காட்டினார். ஃபிஜி வாழைப் புழுவுக்கு அதே ஆண்டு ராடோஃபோலஸ் என்ற முன்பெயரைக் கொடுத்தவர் தோர்ன். காப்பின் மகள்களில் ஒருவரான ஃப்ரீடாவும் மரபியல் ஆராய்ச்சியாளர் ஆனார்.

1932 ஜூன் மாதம், 73 வயதை எட்டச் சில வாரங்கள் இருந்தபோது, காப் இறந்தார்.

அவர் இருந்தவரை விவசாயிகள் நூற்புழுவைப் பெரிதாக நம்பவில்லை என்பதுதான் உண்மை. கண்ணில் படாத ஒன்று விளைச்சலைப் பாதியாக்குகிறது என்றால் யார் நம்புவார்கள்? 1943-ல் ஹவாயில் கார்ட்டர் என்பவர், அன்னாசி நடும் முன்பு மண்ணில் டி.டி. என்ற புகை மருந்தைச் செலுத்தினார். மருந்து போட்ட பாத்தியில் அன்னாசி மளமளவென்று வளர்ந்தது, பக்கத்துப் பாத்தி அப்படியே நின்றது. எண்ணிக்கையை நம்பாதவர்களும் அந்தப் பாத்தியைப் பார்த்து நம்பினார்கள். நூற்புழுவியலுக்குப் பணமும் ஆளும் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அதோடு கூட வேறொன்றும் வந்தது. எண்ணிப் பார்க்காமலேயே மருந்தைக் கொட்டும் பழக்கம். அப்படிப் பரவிய மருந்துகளில் ஒன்று நெமகான். வாழை, திராட்சை, அன்னாசித் தோட்டங்களில் அது ஏராளமாகப் பயன்பட்டது. 1977-ல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போனது தெரிய வந்தது. பிறகு பல நாடுகளில் தடை செய்தார்கள், இந்தியாவிலும் அதற்குத் தடை உள்ளது. வயலில் புழு எத்தனை, அது எந்தப் புழு என்று தெரியாமல் குருணை மருந்தை அள்ளிப் போடுகிற யாருக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம்.

உங்கள் தோட்டத்தில்

வாழை வைக்கப் போகிறீர்கள் என்றால், விழுந்த மரங்கள் உள்ள தோட்டத்திலிருந்து கன்று வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய கன்றின் கிழங்கில் உள்ள வேர்களை முழுவதும் நீக்கி, மேல்தோலைச் சீவுங்கள். செம்பழுப்புத் திட்டு தெரிந்தால் அது போகும் வரை சீவ வேண்டும். சீவியும் போகாத கன்றைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகாமல் அழித்துவிடுங்கள். சீவிய தோலைத் தோட்டத்திலேயே போட்டால் சீவியதற்கே அர்த்தமில்லை. வெந்நீர் நேர்த்தி செய்ய வசதி இருந்தால் 55 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், வெப்பமானியை வைத்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், கையை விட்டுப் பார்த்துச் சூடு தீர்மானிக்கக் கூடாது. திசு வளர்ப்புக் கன்று புழு இல்லாமல் வரும். ஆனால் ஏற்கெனவே புழு உள்ள மண்ணில் நட்டால் அதற்கும் புழு ஏறும். வாழைக்கு இடையில் சணப்போ செண்டுமல்லியோ வைப்பது பலன் தரும். தொடர்ந்து வாழையே வைத்த நிலமாக இருந்தால், ஒரு போகம் நெல் வைத்துத் தண்ணீர் நிறுத்துவது இன்னும் நல்லது.

ஆய்வுக்கு மண் அனுப்ப நினைப்பவர்கள் நிழலான, ஈரம் உள்ள நேரத்தில் எடுங்கள். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, மரத்தைச் சுற்றி வேர் ஓடும் இடத்தில் அரை அடியிலிருந்து ஓர் அடி ஆழம் வரை தோண்டி, தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் கால் கிலோ அளவு போதும். நன்றாக இருக்கும் மரத்தடியிலும் எடுங்கள், நலிந்த மரத்தடியிலும் எடுங்கள். செத்துப்போன மரத்தடியில் எடுத்துப் பயனில்லை, சாப்பாடு தீர்ந்ததும் புழு அங்கிருந்து போயிருக்கும். ஒரு கைப்பிடி சல்லி வேரையும் மண்ணோடு சேர்த்து பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, பயிர், ரகம், ஊர், தேதி எழுதிய சீட்டை வையுங்கள். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறை இருக்கிறது. பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம்.

உரப் பரிசோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்புவோம் அல்லவா? இதற்கு அப்படிச் செய்யாதீர்கள். பையை வெயிலில், வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், இரண்டு மூன்று நாளுக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். சூட்டில் செத்த புழு புனலில் இறங்காது. அறிக்கையில் புழு இல்லை என்று வரும், அது தோட்டத்தில் வேரைக் குடைந்துகொண்டே இருக்கும்.